கத்திரி வெயிலில் களைகட்டும் கூடுகள்... சென்னையில் வீட்டைச் சுற்றியே பார்க்கலாம் இந்தப் பறவைகளை!

'பறவை பார்க்கணும்னா டிசம்பர், ஜனவரிதான். வெயில் காலத்துல என்ன இருக்கப்போகுது?' பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். பள்ளிக்கரணைக்கு வடக்கிலிருந்து வந்து தங்கிய வாத்துகளும் உள்ளான்களும் மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடுவது உண்மைதான். ஆனால், விருந்தாளிகள் போன பிறகுதான் வீட்டுக்காரர்களின் கல்யாண சீசன் சூடுபிடிக்கிறது. ஆண்டு முழுக்க இங்கேயே வாழும் பறவைகளில் பல, ஜோடி சேர்ந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது கோடையில்தான். பைனாகுலர்கூட கட்டாயமில்லை. காலை ஆறு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனாலே போதும்.

விடிவதற்கு முன்பே கூவுவது ஏன்?

விடியற்காலையில் தூக்கத்தைக் கலைக்கும் அந்த 'குக்கூ' ஆண் குயிலுடையது. பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். அதற்கு இந்த இனிமையான கூவல் கிடையாது. காக்கைகள் கூடு கட்டும் நேரம் பார்த்துத்தான் குயில்களும் ஜோடி தேடுகின்றன. காரணம், குயில் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடும். காக்கையும் தன் பிள்ளையாகவே நினைத்து ஊட்டி வளர்க்கும். மே, ஜூன் மாதங்களில் காக்கையைத் துரத்தித் துரத்தி வாயைத் திறக்கும் ஒரு 'வித்தியாசமான' குஞ்சைப் பார்த்தால், அது அநேகமாகக் குயில் குஞ்சுதான்.

மத்தியான வெயிலில் 'டுக்... டுக்... டுக்...'

கன்னார் செம்புப் பாத்திரம் தட்டுவதுபோல ஒரே தாளத்தில் சத்தம் வந்தால், பக்கத்து ஆலமரத்திலோ அரசமரத்திலோ செம்மார்புக் குக்குறுவான் இருக்கிறது என்று அர்த்தம். குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு. உடம்பு பச்சை, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. இலையோடு இலையாக மறைந்திருக்கும் என்பதால் சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். பட்டுப்போன கிளையைக் குடைந்து பொந்து செய்து அதில்தான் முட்டையிடும். காய்ந்த கிளை நமக்குக் குப்பை, அதற்கு வீடு.

காலி மனையில் ஒரு காவல்காரர்

புறநகர்ப் பகுதிகளில் ஆள் நடந்தாலே அலறும் ஆட்காட்டியைக் கேட்டிருப்பீர்கள். தரையில் சின்னப் பள்ளம் பறித்து, சுற்றிலும் கூழாங்கற்களை வைத்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். முட்டையும் மண் நிறத்தில் புள்ளிகளோடு இருப்பதால் கால் வைக்கும் வரை தெரியாது. கொதிக்கும் தரையில் முட்டை வெந்துபோகாதா? அதற்கும் வழி வைத்திருக்கிறது. தண்ணீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைகள் மேல் உட்கார்ந்து குளிர வைக்கும்.

நிறம் மாறும் கொக்குகள்

மாட்டின் பின்னாலேயே போகும் வெள்ளை உண்ணிக்கொக்குக்கு இப்போது தலை, கழுத்து, முதுகெல்லாம் ஆரஞ்சு நிறம் ஏறியிருக்கும். மங்கலாகத் திரியும் மடையானின் முதுகு, கருஞ்சிவப்பாக மாறியிருக்கும். 'புதுசா ஏதோ பறவை வந்திருக்கு' என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணத்துக்குப் பட்டு உடுத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

நாம் என்ன செய்யலாம்?

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. அப்படி நீர் ஆவியாகப் போவதால் தாகமும் அதிகம். அகலமான, இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாத மண் தட்டில் நிழலான இடத்தில் தண்ணீர் வையுங்கள். சிட்டுகள் நிற்பதற்கு நடுவில் ஒரு கல் போடுங்கள். தினமும் கழுவித் தண்ணீரை மாற்றினால் கொசுவும் வராது, நோயும் பரவாது. பூனை பதுங்கும் மூலை மட்டும் வேண்டாம்.

மழைக்கு முன்னால் கிளை வெட்டுகிறோம் என்று பல தெருக்களில் இந்த மாதங்களில்தான் அரிவாள் எடுப்பார்கள். வெட்டும் முன் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால், ஆபத்தில்லாத கிளையை ஒரு மாதம் விட்டுவையுங்கள். போர்டிகோ ஒயரில் தேன்சிட்டு தொங்கவிட்ட கூட்டுக்கும் அதே சலுகை கொடுக்கலாம். அதற்குள் பெரும்பாலான சின்னப் பறவைகளின் குஞ்சுகள் பறந்துவிடும்.

தரையில் தத்தித் தத்தி நடக்கும் குஞ்சைப் பார்த்ததும் 'ஐயோ பாவம்' என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள். இறகு முளைத்த குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது; தாய் பக்கத்திலேயேதான் இருக்கும். நாய், பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நின்றால் போதும். 'மனுஷக் கை பட்டா தாய் சேர்க்காது' என்பது பெரும்பாலும் கட்டுக்கதை. பாசத்தில்கூட கிளியையோ மைனாவையோ வீட்டில் வளர்க்க முடியாது. 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

லீவில் செல்போனோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். எந்தப் பறவை, எத்தனை மணிக்கு, எந்த மரத்தில் என்று எழுதட்டும். ஸ்கூல் திறப்பதற்குள் உங்கள் தெருவில் யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்ற கணக்கு அவர்கள் கையில் இருக்கும்!