டி செல் சிகிச்சை: மருந்து இருந்தும் சிலருக்கு ஏன் பொருந்துவதில்லை?

தெலுக் இந்தானில் ஒரு பெரியவருக்குக் கல்லீரல் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நாளிலிருந்தே ஹெப்பாடைடிஸ் பி கிருமி அவர் உடம்பில் இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. மகன் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நீட்டுகிறான். “நம்ம இரத்த அணுவையே திருத்திப் புற்றுநோயை அழிக்கிறாங்களாம்பா. அமெரிக்காவில் அனுமதி கொடுத்தாச்சு.”

செய்தி பொய்யல்ல. 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து நிர்வாகம் ‘டெசெல்ரா’ என்ற சிகிச்சைக்கு அனுமதி தந்தது. ஆனால் அது சைனோவியல் சார்கோமா என்ற அரிய மென்திசுப் புற்றுநோய்க்கு மட்டுமே. அப்போது அறிவித்த விலை சுமார் 7 லட்சத்து 27 ஆயிரம் அமெரிக்க டாலர். அந்தப் பணத்தைப் புரட்டினாலும், நோயும் அதுவேயானாலும், இன்னொரு கதவு பூட்டியிருக்கலாம். அதற்குப் பெயர் எச்.எல்.ஏ.

டி செல் என்பது இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, உடம்பின் காவலாளி. நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு அணுவும், உள்ளே என்ன புரதம் தயாராகிறது என்பதன் சிறு துண்டை ஒரு தட்டில் வைத்து வாசலில் காட்டும். அந்தத் தட்டுதான் எச்.எல்.ஏ. டி செல்லின் மேலிருக்கும் ஏற்பி, அதாவது டி.சி.ஆர்., துண்டை மட்டும் பார்ப்பதில்லை. தட்டையும் சேர்த்தே பார்க்கும். தட்டு வேறாக இருந்தால், அதே புற்றுநோய்த் துண்டு முன்னால் இருந்தும் கண்டுகொள்ளாது.

இரத்த வகை என்றால் ஏ, பி, ஏபி, ஓ என்று முடிந்துவிடும். தட்டின் வகைகளோ ஆயிரக்கணக்கில் உள்ளன. தாயிடமிருந்து ஒரு பாதி, தந்தையிடமிருந்து ஒரு பாதி. எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு உடன்பிறந்தவர்களை முதலில் சோதிப்பது இதனால்தான்.

டெசெல்ரா ஏ 02:01, 02:02, 02:03, 02:06 ஆகிய தட்டுகளுக்கு மட்டுமே. முதல் வகை ஐரோப்பியரிடம் மிகப் பரவலானது. ஆராய்ச்சிகள் அதிலிருந்தே தொடங்கின. இந்திய வம்சாவளியினரிடம் அடிக்கடி காணப்படும் 02:11, தென்சீனரிடம் அதிகமுள்ள 02:07 இரண்டுமே பட்டியலில் இல்லை. வேண்டுமென்று யாரும் ஒதுக்கவில்லை. எங்கே ஆய்வுக்கூடம் இருந்ததோ, அங்கிருந்த நோயாளியின் தட்டுக்கு ஏற்பி செய்தார்கள். ஆனாலும் நஷ்டம் நமக்குத்தான்.

பேராக்கிலிருந்து அதிக தூரமில்லாத சிங்கப்பூரில் இதற்கு வேறொரு வழியைக் காட்டினார்கள். டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் அந்தோனியோ பெர்தொலெத்தி ஹெப்பாடைடிஸ் பி கிருமியையே குறியாக எடுத்தார். அந்தக் கிருமியின் மரபணுத் துண்டுகள் ஈரல் புற்றுநோய் அணுவுக்குள் ஒட்டிக்கொண்டு விடுகின்றன. ஆகவே நோயாளியின் கட்டியில் எந்தத் துண்டு இருக்கிறது, அவர் தட்டு எது என்று முதலில் பார்த்து, அதற்குப் பொருந்தும் ஏற்பியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது மருந்துக்கு ஆள் தேடவில்லை. ஆளுக்கு மருந்து தேடினார்கள். ஈரல் மாற்று செய்த பிறகும் புற்றுநோய் பரவிய இரு நோயாளிகளுக்கு இப்படிக் கொடுத்த விவரம் 2019-இல் வெளியானது. அவர்களில் ஒருவருக்கு, ஓராண்டு சிகிச்சையில், நுரையீரலில் இருந்த ஆறு கட்டிகளில் ஐந்து சுருங்கின. இருவரை வைத்து முடிவு கட்ட முடியாதுதான்.

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகம் ஏ 11:01 தட்டுக்கு ஏற்பிகள் செய்திருக்கிறது. கணையம், குடல் புற்றுநோய்களில் காணப்படும் கேராஸ் மரபணுக் கோளாறுதான் அவற்றின் குறி. 11:01 ஆசியரிடம் பரவலான வகை என்பதால் நமக்கு இது முக்கியம். தட்டே வேண்டாம் என்று, ஏற்பியின் முன்பகுதியில் எதிர்ப்புப் புரதத்தைப் பொருத்திப் பார்ப்போரும் உண்டு. 2023 அக்டோபரில் இந்தியா அனுமதித்த ‘நெக்ஸ்கார்19’ போன்ற கார்-டி சிகிச்சைகளுக்கும் தட்டு தேவையில்லை. ஆனால் அவை அணுவின் மேற்பரப்பில் இருப்பதை மட்டுமே பிடிக்கும். உள்ளே ஒளிந்திருப்பது தெரியாது.

ஏற்பியை இஷ்டத்துக்குக் கூர்மையாக்கவும் முடியாது. மேஜ்-ஏ3 என்ற குறிக்காக வலுவூட்டப்பட்ட ஏற்பி, இதயத் தசையிலுள்ள டைட்டின் என்ற புரதத்தையும் எதிரி என்று எடுத்துக்கொண்டது. இரண்டு நோயாளிகள் இறந்தார்கள். 2013-இல் அது பதிவானது. அதன் பிறகு ஒவ்வொரு புதிய ஏற்பியையும் மனித உடம்பின் மற்ற புரதங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஆய்வாளர்கள் மிகக் கவனமாக இருக்கிறார்கள். தாமதத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூர் முறையில் இந்தப் பயத்துக்கு ஓர் அடக்கம் வைத்தார்கள். டி செல்லுக்குப் புது ஏற்பியை நிரந்தரமாகக் கொடுக்காமல், சில நாளில் கரைந்துபோகும் எம்.ஆர்.என்.ஏ. மூலம் கொடுத்தார்கள். விபரீதம் ஏற்பட்டால் அடுத்த ஊசியை நிறுத்திவிடலாம். ஈரல் மாற்று செய்யாதவருக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். அவருடைய ஈரலில் புற்றுநோய் அல்லாத அணுக்களிலும் அதே கிருமி இருக்கும். காவலாளி அவற்றையும் அடித்துவிட்டால் ஈரலே செயலிழக்கும்.

மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்பாடைடிஸ் பி தடுப்பூசி 1989-இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு, கிருமி இருக்கிறதா என்று அறிய ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். வெளிநாட்டுச் சிகிச்சைக்காக வீட்டை விற்கக் கிளம்பும் மகன், தரகரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல: “இது எந்த எச்.எல்.ஏ. வகைக்கு? அப்பாவுடைய வகையைச் சோதித்தீர்களா?”