செருகிக் கழற்றும் சிறு பெட்டி: வால்வுக் காலத்து அலைவுகாட்டியின் மறுபாதி

வால்வு வானொலிப் பெட்டியை எம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆளியைப் போட்டதும் பாடாது. உள்ளே வால்வுகள் சிவந்து சூடேறிய பின்னரே குரல் வரும். அதே வகை வால்வுகளால் செய்யப்பட்ட இன்னொரு கருவி பெரும்பாலும் ஆய்வுகூடங்களிலேயே இருந்தது. அது ஒசிலஸ்கோப், தமிழில் அலைவுகாட்டி. மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் எப்படி மாறுகிறது என்பதைத் திரையில் ஒளிக்கோடாக வரைந்து காட்டும். அதன் முன்பக்கத்தில் செருகிக் கழற்றும் சிறு பெட்டி ஒன்றைப் பற்றியே இங்கு பேசப்போகிறோம். தனியே கிடந்தால் என்னவென்று தெரியாமல் பழைய இரும்போடு போய்விடுவது அந்தப் பெட்டிதான்.

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் 1946இல் ஹவார்ட் வோலம், ஜக் மேர்டொக் முதலானோர் ரெக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு 511 என்ற அலைவுகாட்டி வெளிவந்தது. நல்ல கருவிதான். ஆனால் உள்ளே ஒரே ஒரு பெருக்கி. எந்தப் பொறியியலாளருக்கும் அது போதாது.

காரணம் எளியது. வால்வுக்குள்ளும் கம்பிகளுக்கு இடையிலும் சிறு மின்கொள்ளளவு தானாகவே இருக்கும். வேகமாக மாறும் சமிக்ஞையை அது மழுங்கடிக்கும். அதைத் தவிர்க்கச் சுமைத்தடையைக் குறைக்க வேண்டும். குறைத்தால் பெருக்கமும் குறையும். வேகம் வேண்டுமா, நுண்மை வேண்டுமா என்று ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும். ராடர் துடிப்பைப் பார்ப்பவருக்கு வேகம் தேவை. தவளையின் நரம்பில் ஓடும் மின்னைப் பார்ப்பவருக்கு நுண்மை தேவை. இருவருக்கும் ஒரே பெருக்கி சரிவராது.

1950களின் நடுவில் வந்த 530, 540 வரிசைகளில் இதற்கு விடை கண்டார்கள். திரை, மின்வழங்கி, நேரக்கோட்டை ஓட்டும் சுற்று ஆகியவை பெரிய உடலிலேயே இருந்தன. முன்பெருக்கியை மட்டும் தனிப் பெட்டியாக்கி, திரைக்குக் கீழே ஒரு பொந்து விட்டார்கள். பெட்டியைத் தள்ளித் திருகினால் பின்னாலுள்ள 16 முனை இணைப்பு பொருந்தும். மின்சாரம் உள்ளே போகும், பெருக்கிய சமிக்ஞை வெளியே வரும். ஆய்வுகூடம் விலையுயர்ந்த உடலை ஒருமுறை வாங்கினால் போதும்.

பெட்டிகளுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர். 'கே' என்பது வேகக்காரன்: 30 மெகாஹேர்ட்ஸ் வரை தொடரும், ஆனால் கோடு ஒரு சென்ரிமீற்றர் உயர 50 மில்லிவோல்ற்று வேண்டும். 'ஈ' நேர்மாறு. வெறும் 50 மைக்ரோவோல்ற்றில் அதே உயரம் காட்டும், ஆயிரம் மடங்கு நுண்மை. வேகமோ சில பத்தாயிரம் ஹேர்ட்ஸோடு நின்றுவிடும். அதற்கு இரண்டு உள்ளீடுகள். இரண்டிலும் பொதுவாக உள்ளதைக் கழித்து, வேறுபாட்டை மட்டும் பெருக்கும். சுவர் மின்சாரத்தின் இரைச்சல் உடலெங்கும் ஏறியிருந்தாலும் நரம்பின் சிறு துடிப்பு தெரிந்தது இப்படித்தான். 'சி.ஏ.' ஒரே கதிரை மாறி மாறி இரண்டு இடத்தில் வரைந்து இரண்டு கோடுகளைக் காட்டும். உலோகத்தின் இழுவிசையை அளக்க 'கியூ' இருந்தது. எமக்கு இவற்றில் 'ஈ'தான் பிடித்தது. வால்வை வைத்துக்கொண்டு அவ்வளவு நுண்மை என்பது சும்மா இல்லை.

உடலின் எடை மட்டும் கிட்டத்தட்ட 30 கிலோ. 545 போன்றவை 500 வாற்று அளவில் மின்சாரம் இழுக்கும். நோர்வேக் குளிரில் அறைக்கு வேறு ஹீற்றர் வேண்டாம்.

உள்ளே திறந்தால் வெள்ளைப் பீங்கான் பட்டிகளில் பாகங்கள் வரிசையாக நிற்கும். பட்டியின் வெட்டுகளில் வெள்ளி பூசியிருப்பதால், சாதாரண ஈயப் பற்றாசு அந்த வெள்ளியைக் கரைத்துவிடும். ஆகவே வெள்ளி கலந்த பற்றாசுச் சுருள் ஒன்றைக் கருவிக்குள்ளேயே வைத்து விற்றார்கள். கையேட்டில் முழுச் சுற்றுப்படமும் இருந்தது. வாங்கியவர் தானே திருத்துவார் என்று நம்பிச் செய்த பொருள் அது. இன்று எம் கைத்தொலைபேசியின் பற்றரியை மாற்றவே கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

நிறுவனத்துக்குக் கேர்ன்சித் தீவிலும் நெதர்லாந்தின் ஹேரன்வேனிலும் தொழிற்சாலைகள் இருந்தன. எனவே ஐரோப்பாவிலும் இவை கண்ணில் படலாம். மின்னணுத் தொழிலில் இருந்த எம்மவர் ஒருவரின் நிலவறையைத் துப்புரவாக்கும்போது கிடைத்தால், உடனே மின்சாரம் கொடுக்க வேண்டாம். முதலில் கருவி 117 வோல்ற்றுக்கு அமைக்கப்பட்டதா, 234க்கா என்று பாருங்கள். பல பத்தாண்டுகள் சும்மா கிடந்த மின்கொள்ளளவிகள் வெடிக்கக்கூடும். செருகுபெட்டிக்குப் போகும் மின்னழுத்தமே 350 வோல்ற்று வரை. 545இன் திரைக்குழாயில் 10,000. நிறுத்திய பின்னும் மின்னூட்டம் தங்கி நிற்கும். பழக்கமில்லாதவர் மூடியைத் திறக்கவே கூடாது. பெட்டியைச் செருகுவதும் கழற்றுவதும் மின்சாரத்தை நிறுத்திய பிறகே.

பெட்டி மட்டும் தனியே கிடைத்தாலும் எறியாதீர்கள். அதற்கு மின்வயர் இராது, தானாக எதுவும் செய்யாது. ஆனால் உடலை வைத்துக்கொண்டு பெட்டி தேடும் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அருகிலுள்ள வானொலி அமெச்சூர் சங்கத்தைக் கேட்டுப் பாருங்கள். முகப்பில் உள்ள எழுத்தைக் குறித்துச் சொன்னால் போதும். எழுத்துக்கு முன் 53 அல்லது 53/54 என்று இருந்தால், அது ஆரம்பகாலப் பெட்டி.