ஐஸ்லாந்தின் இயற்கைக் காட்சிகள்

வட அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ள ஐஸ்லாந்து பெயரால் பனிநாடு. பிறப்பாலோ எரிமலையின் குழந்தை. அங்கே திங்வெல்லிர் என்னும் பள்ளத்தாக்கில் நிலம் பிளந்து கிடப்பதைக் கண்ணாரக் காணலாம். வட அமெரிக்க, யூரேசியப் புவித்தட்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் விலகிச் செல்வதே அதற்குக் காரணம். அந்நாட்டின் மக்கட்சபையாகிய அல்திங் 930ஆம் ஆண்டில் முதன்முதற் கூடியதும் அப்பிளவின் பாறைச்சுவர் அருகிலேயாம்.

அதற்குக் கிழக்கே ஸ்ற்றொக்கூர் வெந்நீரூற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை 20 மீற்றர் வரை சீறி எழும். மேலுள்ள நீரின் பாரத்தினால் 100 பாகை கடந்தும் கொதியாதிருக்கும் அடிநீர், பாரம் தளர்ந்த கணத்தில் ஆவியாகி மேல்நீரை எற்றி எழுப்புகிறது. இரு படிகளாக 32 மீற்றர் வீழும் குல்பொஸ் அருவியும் அண்மையிலேயே உளது.

ஆயினும், யாத்திரிகர் காணமுடியாத காட்சியே எனக்குப் பெரிதெனத் தோன்றுகிறது. 1963 நவம்பரில், தென்கரைக்கு அப்பால், கடலடி எரிமலையொன்று பொங்கிச் சுர்ட்சே என்னும் புதிய தீவை எழுப்பிற்று, 1967இல் ஓய்ந்தது. வெறும் பாறையில் உயிர் எவ்வாறு குடியேறுகிறது என்பதை அறியும் பொருட்டு, விஞ்ஞானிகள் சிலரையன்றி எவரும் அங்கு இறங்க அனுமதி இல்லை. காற்றும் கடலும் பறவையும் கொணரும் வித்துக்கள் முளைக்கலாம். மனிதர் வழியாக வந்து முளைத்த தக்காளிச் செடியொன்றையோ பிடுங்கி அகற்றிவிட்டனர். அலைகள் அரித்தமையால் அத்தீவின் பரப்பில் இன்று ஏறக்குறையப் பாதியே எஞ்சியுள்ளது.