விறைப்புக் குறைபாட்டு மருந்துகளும் தன்பாலீர்ப்பு ஆண்களின் பாலியல் நலமும்

உடலுறவுக்குப் போதிய அளவு ஆண்குறி விறைக்காமல் இருப்பது, அல்லது விறைப்பு நீடிக்காமல் போவது விறைப்புக் குறைபாடு எனப்படும். பேச்சு வழக்கிலும் விளம்பரங்களிலும் இது "ஆண்மைக் குறைவு" என்று குறிப்பிடப்படுகிறது. இதற்கான மாத்திரைகளைத் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களும் பயன்படுத்துகின்றனர். மாத்திரை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் காரைக்குடி போன்ற ஊர்களில், தன் ஈர்ப்பை மறைத்து வாழும் ஆண் மருந்து வாங்கியதையும் மறைக்கிறார். மருத்துவருக்குத் தெரிய வேண்டியது தெரியாமல் போவதே இங்கு முதன்மையான ஆபத்து ஆகும்.

மருந்து செயல்படும் முறை

பாலுணர்வு தூண்டப்படும்போது ஆண்குறியின் நரம்பு முனைகளும் இரத்தக்குழாய்ச் சுவர்களும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. அது சிஜிஎம்பி என்னும் வேதிப்பொருளைப் பெருக்குகிறது. இதனால் தசைகள் தளர்ந்து, இரத்தம் நிறைந்து, விறைப்பு உண்டாகிறது. பிடிஇ-5 என்னும் நொதி சிஜிஎம்பியைச் சிதைத்து விறைப்பை முடிவுக்குக் கொண்டுவருகிறது. சில்டெனாஃபில், டாடலாஃபில் முதலிய மருந்துகள் இந்த நொதியைத் தடுக்கின்றன. ஆகவே கிளர்ச்சி இல்லாதபோது மாத்திரை மட்டும் விறைப்பைத் தராது. அது ஆசையை உண்டாக்குவதும் இல்லை.

சில்டெனாஃபிலை ஃபைசர் நிறுவனம் முதலில் இதய நோயால் வரும் நெஞ்சுவலிக்காக ஆராய்ந்தது. விறைப்புக் குறைபாட்டுக்கான மருந்தாக 1998 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, வயாகரா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 2005 வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்கப்படாததால், உள்நாட்டு நிறுவனங்கள் இதைக் குறைந்த விலையில் தயாரித்தன. சில்டெனாஃபில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் உட்கொண்டால் தாமதமாகும். டாடலாஃபிலின் பயன் 36 மணி நேரம் வரை நீடிக்கலாம். தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். விறைப்பு 4 மணி நேரத்திற்கு மேல் நீடித்தாலோ, பார்வை திடீரெனக் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பயன்படுத்துவதற்கான காரணங்கள்

சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், மது, சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவை விறைப்பைக் குறைக்கின்றன. ஆண்குறியின் இரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. எனவே அடைப்பின் விளைவு முதலில் அங்கே தெரியலாம். பரிசோதனை இல்லாமல் மாத்திரை வாங்கிச் சமாளிப்பவர், இதய நோயின் முன்னறிவிப்பைத் தவறவிட வாய்ப்பு உண்டு.

உடல் நோய் இல்லாத இளைஞர்களும் இதை நாடுகின்றனர். யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம், குற்றவுணர்வு, எச்ஐவி பற்றிய பயம் ஆகியவை விறைப்பைத் தடுக்கக்கூடியவை. ஆணுறை அணியும்போது விறைப்பு தளர்ந்துவிடுவதும் ஒரு காரணம். இத்தகையவருக்கு மருத்துவர் அளிக்கும் மாத்திரை ஆணுறையைத் தொடர்ந்து அணிய உதவலாம். வீட்டார் பார்த்து முடித்த திருமணத்தில், மனைவியிடம் ஈர்ப்பு வராத ஆண்களும் மாத்திரையை நம்புகின்றனர். அவர்களிடம் இரத்த ஓட்டம் சீராக இருக்கலாம். இல்லாத ஈர்ப்பை மாத்திரையால் கொடுக்க முடியாது.

ஆபத்தான சேர்க்கைகள்

நைட்ரேட் மருந்துகளும் இம்மாத்திரைகளும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சட்டெனச் சரிந்து உயிரே போகலாம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் இந்த வகையைச் சேர்ந்தது. சில்டெனாஃபில் உட்கொண்டு 24 மணி நேரத்திற்கும், டாடலாஃபில் உட்கொண்டு 48 மணி நேரத்திற்கும் நைட்ரேட் தரக்கூடாது. ஆகவே நெஞ்சுவலியுடன் மருத்துவமனைக்கு வருபவர் மாத்திரையின் பெயரையும் உட்கொண்ட நேரத்தையும் சொல்ல வேண்டும். யாருடன் இருந்தார் என்பதை அங்கே சொல்லத் தேவையில்லை.

தன்பாலீர்ப்பு ஆண்களில் சிலர் உடலுறவின்போது முகர்ந்து பயன்படுத்தும் "பாப்பர்ஸ்" என்னும் திரவமும் அமைல் நைட்ரைட் வகையைச் சேர்ந்ததே. 19-ஆம் நூற்றாண்டில் அமைல் நைட்ரைட் நெஞ்சுவலிக்கு மருந்தாக இருந்தது. மாத்திரையுடன் இதைச் சேர்ப்பதும் அதே ஆபத்தைத் தரும்.

எச்ஐவி சிகிச்சையில் தரப்படும் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் ஆகியவை கல்லீரலில் சில்டெனாஃபில் சிதைவதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு உயர்த்துகின்றன. ரிட்டோனாவிர் உட்கொள்பவருக்கு 48 மணி நேரத்தில் 25 மில்லிகிராம் என்பதே சில்டெனாஃபிலின் உச்ச அளவு. டோலுடெக்ராவிர் அடிப்படையிலான சிகிச்சையில் இந்தச் சிக்கல் இல்லை. எனவே தனக்குத் தரப்படும் எச்ஐவி மருந்துகளின் பெயர்களை நோயாளி அறிந்திருப்பது நல்லது.

பால்வினை நோய்கள்

இம்மாத்திரைகள் எந்தத் தொற்றையும் தடுப்பதில்லை. 2000-களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த ஆய்வுகள், போதைப்பொருளுடன் இவற்றைச் சேர்த்துப் பயன்படுத்திய ஆண்களிடையே பாதுகாப்பற்ற உறவும் தொற்றுகளும் கூடுதலாக இருந்ததைக் காட்டின. மாத்திரையே தொற்றைத் தருகிறது என்பது இதன் பொருள் அன்று. நெடுநேர உறவு, போதை, ஆணுறையைக் கைவிடுதல் ஆகியவை ஒன்றுகூடும்போது இடர் பெருகுகிறது. கொனோரியா, கிளமிடியா ஆகியவை தொண்டையிலும் மலக்குடலிலும் அறிகுறியின்றித் தங்கலாம். பரிசோதிப்பவர் அந்த இடங்களையும் சோதிக்க, உறவு முறையை அறிந்திருக்க வேண்டும். ஆணுறை, நீர் சார்ந்த உயவுப்பொருள், எச்ஐவி முன்தடுப்பு மருந்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, குறித்த கால இரத்தப் பரிசோதனை ஆகியவையே பாதுகாப்பு.

செட்டிநாடு போன்ற பகுதிகளில்

சட்டப்படி இவை மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்கப்பட வேண்டியவை. ஆனால் ஊரில் எல்லோரும் எல்லோரையும் அறிந்திருக்கும்போது, சீட்டுடன் கடைக்குப் போகவே பலர் கூசுகின்றனர். வெளியூர்க் கடை, நண்பர், இணையம் ஆகியவை அவர்களின் வழிகளாகின்றன. குறிப்பிட்ட தேதிகளில் ஊர் ஊராக வந்து விடுதிகளில் தங்கி வைத்தியம் பார்ப்போரிடமும் சிலர் போகின்றனர். பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடைசெய்கிறது. "மூலிகை" என விற்கப்படும் இத்தகைய பொருள்களில் சில்டெனாஃபில் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. அத்தகைய பொருளை வாங்கியவருக்கு, நைட்ரேட்டைத் தவிர்க்க வேண்டும் என்பதே தெரிந்திராது.

இந்தியாவில் எச்ஐவி 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. இன்று தமிழக அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்ஐவி ஆலோசனையும் பரிசோதனையும், சுகவாழ்வு மையங்களில் பால்வினை நோய்ச் சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்கின்றன. தேசிய உதவி எண் 1097. காரைக்குடியில் தயங்குபவர், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ செல்லலாம்.

வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் தன்பாலுறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அதே மாதம் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும் நோயாளியின் எச்ஐவி நிலையை வெளியிடுவதையும் தடைசெய்கிறது. ஈர்ப்பை "மாற்றும்" சிகிச்சைகளைத் தடுக்க வேண்டும் என சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. விறைப்புக் குறைபாட்டுக்காக மருத்துவரிடம் வரும் ஆணின் ஈர்ப்பு நோயன்று. அவர் உட்கொள்ளும் மருந்துகளையும், இதயத்தின் நிலையையும், பால்வினைத் தொற்றுகளையும் கவனிப்பதே சிகிச்சை ஆகும்.