ஒரே அறையில் சித்திரையும் மார்கழியும்

குளிர்சாதன வசதியுள்ள ஒரு வங்கிக்கோ அலுவலகத்துக்கோ பெரியவர்களுடன் நீங்கள் போயிருக்கக்கூடும். அடுத்த முறை போகும்போது சற்றுக் கவனியுங்கள். வெளியே சித்திரை வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு மேசையில் அம்மையார் ஒருவர் முந்தானையை இழுத்துத் தோள்களைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு எழுதுவார். நான்கு மேசை தள்ளி அதிகாரி ஒருவர் சட்டைக் காலரைத் தளர்த்தியபடி, "ஏசி வேலை செய்கிறதா இல்லையா? இன்னும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்" என்பார். சுவரிலுள்ள கருவியோ 24 டிகிரி என்று காட்டும். (இக்கட்டுரையில் டிகிரி என்பதெல்லாம் செல்சியஸ்.) இருவரில் யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான்! எப்படி என்று பார்ப்போம்.

நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரிவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவிலிருந்து உயிரணுக்கள் சக்தியை எடுக்கும்போது பிறக்கும் வெப்பம் இது. உடலின் உட்புறம் 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டுமானால், பிறந்த வெப்பம் உடனுக்குடன் வெளியேறியாக வேண்டும். அதில் ஒரு பகுதியைத் தோலை உரசிச் செல்லும் காற்று கொண்டுபோகிறது. ஒரு பகுதி சுவர்களை நோக்கிக் கதிர்வீச்சாகப் போகிறது. ஒரு பகுதி வியர்வை ஆவியாவதால் போகிறது. வரவும் செலவும் ஒத்திருந்தால் சுகம். செலவு மிஞ்சினால் குளிர், வரவு மிஞ்சினால் புழுக்கம்.

இந்த வரவு செலவைக் கணக்காகவே எழுதிக் காட்டியவர் டென்மார்க் நாட்டுப் பேராசிரியர் ஒலே ஃபாங்கர். 1970இல் வெளிவந்த அவருடைய நூல்தான், உலகெங்கும் கட்டட எஞ்சினீயர்கள் பின்பற்றும் விதிகளுக்கு அடிப்படையாயிற்று. மனிதனின் சுகம் ஆறு காரணங்களைப் பொறுத்தது என்றார் அவர்: காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், உடுத்திய உடை, செய்யும் வேலை. சுவரிலுள்ள கருவி இந்த ஆறில் ஒன்றைத்தான் அளக்கிறது. அதுவும் தான் மாட்டப்பட்டிருக்கும் இடத்தில் மட்டும். வெயில் படும் கண்ணாடி ஜன்னலோரம் அமர்ந்தவர் கதிர்வீச்சில் காய்கிறார். காற்று விழும் துவாரத்தின் கீழே அமர்ந்தவர் நடுங்குகிறார். இருவருக்கும் அந்த 24 ஒன்றுதான்! கூட்டத்தில் பெரும்பாலோருக்கு மிகப் பொருத்தமான நிலையை அமைத்தாலும் நூற்றுக்கு ஐந்து பேராவது குறை சொல்வார்கள் என்று ஃபாங்கரின் கணக்கே ஒப்புக்கொள்கிறது.

ஆறாவது காரணமாகிய வேலையை எப்படி அளப்பது? இதற்கு 'மெட்' என்று ஓர் அலகு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது, உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் வெளிப்படும் 58.2 வாட் வெப்பமே ஒரு மெட். சரி, யாருடைய உடல்? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர் 2015இல் எழுப்பிய கேள்வி இதுதான். அது 70 கிலோ எடையுள்ள, 40 வயது ஆண் ஒருவரின் அளவு என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். பிறகு 16 இளம் பெண்களை லேசான அலுவலக வேலை செய்யச் சொல்லி அவர்களுடைய உடல் வெப்பத்தை அளந்தார்கள். அது விதிப்புத்தகம் காட்டும் அளவைவிடக் கணிசமாகக் குறைவாயிருந்தது. பெண்களின் வெப்ப உற்பத்தியை அந்த விதி 35 சதவீதம் வரை கூட்டிக் காட்டக்கூடும் என்பது அவர்கள் முடிவு. 16 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் கேள்வி பெரிது. 'அளவு' என்று நாம் நம்பும் ஒன்றில் யாரை அளந்தார்கள் என்று கேட்பது விஞ்ஞானத்தில் மிக நல்ல பழக்கம்.

"கொஞ்சம் குளிரினால் என்ன குடி முழுகிவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஜெர்மனியின் பெர்லின் நகரில் 543 மாணவ மாணவியரை, ஏறத்தாழ 16 முதல் 33 டிகிரி வரை பல்வேறு வெப்பநிலைகளில் உட்காரவைத்துக் கணக்குகளும் சொல் விளையாட்டுகளும் கொடுத்தார்கள். 2019இல் முடிவு வெளியாயிற்று. அறை வெதுவெதுப்பாக ஆக, மாணவியர் கூடுதலாகச் சரியான விடை எழுதினார்கள். மாணவர்களின் மதிப்பெண் சற்றுக் குறைந்தது. ஆனால் அந்தக் குறைவு மாணவியரின் உயர்வைவிடச் சிறியது. ஆகவே, முந்தானையைப் போர்த்திக்கொண்டு எழுதும் அம்மையாரைச் 'செல்லம் கொஞ்சுகிறார்' என்று யாரேனும் சொன்னால் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

அவர் முந்தானையைப் போர்த்துவதும் ஒரு பௌதிகக் காரியமே. துணியின் வெப்பத் தடைக்கு 'குளோ' என்று பெயர். கோட்டும் சூட்டும் அணிந்தவருக்கு அது ஒன்று. சேலைக்கு ஒரே எண் கிடையாது. கட்டும் விதத்துக்குத் தக்கபடி மாறும். ஒரே ஆடையில் வேண்டும்போது தடையைக் கூட்டலாம், குறைக்கலாம்! ஜப்பானில் 2005இல் அரசாங்கமே இந்த வழியைக் கையாண்டது. கோடையில் அலுவலக அறைகளை 28 டிகிரியில் வையுங்கள், கோட்டையும் டையையும் கழற்றிவிட்டு வாருங்கள் என்றது.

நம் ஊரில் நிலைமை என்ன? 2012-13இல் சென்னையிலும் ஐதராபாத்திலும் 28 அலுவலகக் கட்டடங்களில் 2,787 பேரைக் கேட்டு அறிந்தார்கள். ஏசி ஓடும் வேளையில் அவர்களுக்குச் சுகமான வெப்பநிலை 26.4 டிகிரி. ஏசி இல்லாமல் இயற்கைக் காற்றோட்டத்தில் இருந்தபோதோ 28 டிகிரி! நம் உடலும் பழக்கமும் நம் பருவநிலைக்கு இணங்கியே வந்திருக்கின்றன. அப்படியிருக்க 20 டிகிரியில் நடுங்குவானேன்? ஏசியில் ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது இந்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 2020 ஜனவரி முதல், நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி இருக்க வேண்டும் என்று விதியும் வந்தது.

28 டிகிரியில் சுகம் என்றால் அதில் மின்விசிறிக்கும் பங்கு உண்டு. மின்விசிறி அறையைக் குளிர்விக்கிறதா? ஆசிரியரின் அனுமதியோடு ஆய்வகத்தில் இதைச் செய்து பாருங்கள். இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் மட்டும் ஈரத் துணியைச் சுற்றுங்கள். அறை வெப்பத்தில் உள்ள நீரால் துணி நனைந்திருக்கட்டும். இரண்டையும் ஓடும் மின்விசிறியின் கீழ் ஐந்து நிமிடம் வையுங்கள். உலர்ந்த குமிழில் மாற்றம் ஏதும் இராது. ஈரக் குமிழில் அளவு இறங்கும். வியர்த்த உங்கள் தோல்தான் அந்த ஈரத் துணி. வெயில் நாள் ஒன்றிலும், ஈரப்பதம் மிகுந்த ஐப்பசி மழை நாள் ஒன்றிலும் இதைச் செய்து, இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம் எந்த நாளில் குறைகிறது என்று குறித்து வையுங்கள்.