பழைய பிக்கப் வாங்குறீங்களா? இன்ஜினுக்கு முன்னாடி ஆர்சியைப் பாருங்க

நாம சென்னையிலயோ பெங்களூருலயோ லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருந்தாலும், ஊர்ல வண்டி வாங்கணும்னா போன் நமக்குத்தான் வரும். ஆத்தூர்ப் பக்கம்னா பெரும்பாலும் பிக்கப்தான். மரவள்ளிக்கிழங்கு சேகோ ஆலைக்குப் போகணும், காய்கறி மார்க்கெட்டுக்குப் போகணும். புதுசு வாங்கக் காசு பத்தலைன்னா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு பொலேரோவோ தோஸ்த்தோ தேடுவாங்க.

முதல்ல வண்டி. இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. நீலப் புகை விடாம வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். கீழே குனிஞ்சு சேசிஸ்ல வெல்டிங் தடம் இருக்கா, பட்டை உடைஞ்சிருக்கான்னு பாருங்க. ஓவர்லோடு அடிச்ச வண்டி அங்கதான் மாட்டும். ஆனா இதெல்லாம் மெக்கானிக் சரி பண்ணக்கூடியது. பேப்பர் சிக்கல் அப்படி இல்ல.

புரோக்கர் சொல்ற 'ஓப்பன் சைன்' கேள்விப்பட்டிருப்பீங்க. விக்கிறவர் படிவம் 29, 30ல வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவார். வாங்குறவர் பேர் எழுத மாட்டாங்க. வண்டி கைமாறிட்டே போகும், ஆர்சியில பழைய பேரே இருக்கும்.

இதுல என்ன ஆபத்து? சட்டத்துக்கு ஆர்சிதான் டேட்டாபேஸ். அதுல யார் பேரோ அவர்தான் ஓனர். நவீன் குமார் வழக்குல, 2007ல வித்த ஒரு வண்டி பல கை மாறி 2009ல விபத்துல சிக்குச்சு. ஆர்சியில பேர் இருந்தவர்தான் நஷ்டஈடு தரணும்னு 2018ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால விக்கிற அப்பாவும் ஜாக்கிரதை!

வாங்குறவருக்கும் சிக்கல்தான். பழைய ஓனர் இறந்துட்டா வாரிசுகளைத் தேடி அலையணும். அவர் கடன் பாக்கி வச்சிருந்தா, பைனான்ஸ்காரங்க வண்டியையே தூக்கிட்டுப் போகலாம்.

அதனால அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி இதைப் பண்ணுங்க:

1. எம்பரிவாஹன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டு எஃப்சி, இன்சூரன்ஸ் தேதி பாருங்க. சேசிஸ்ல அடிச்சிருக்கிற நம்பரும் ஆர்சி நம்பரும் ஒண்ணான்னு நீங்களே ஒத்துப் பாருங்க.

2. ஆர்சியில எச்பி இருந்தா பைனான்ஸ் என்ஓசியும் படிவம் 35ம் கேளுங்க.

3. சரக்கு வண்டிக்கு 8 வயசு வரைக்கும் எஃப்சி 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம். அந்தச் செலவை விலையில கழிச்சுப் பேசுங்க.

4. ஆர்சியில மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டலைன்னா பெர்மிட் வேண்டாம். தாண்டினா பெர்மிட்டையும் கேட்டு வாங்குங்க.

5. வாங்கினதும் 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும், 30 நாளுக்குள்ள ஆர்சியையும் பேர் மாத்த மனு கொடுத்துடுங்க.

கடைசியா ஒண்ணு: பேர் மாறுற வரைக்கும் விலையில ஒரு பங்கை நிறுத்தி வைங்க. "அதெல்லாம் வேண்டாம் தம்பி, நம்பிக்கைதானே"ன்னு புரோக்கர் அவசரப்படுத்தினா, அந்த வண்டியை விட்டுட்டு அடுத்ததைப் பாருங்க. சந்தையில வண்டிக்குப் பஞ்சமில்ல.