பாம்பைப் பார்க்கும் முன் விற்பவரைப் பாருங்கள்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அந்தப் பாம்பைக் காசு கொடுத்து வாங்குவதற்காக, காலையிலேயே குடும்பம் குடும்பமாக வரிசை பிடித்து நிற்கும் இடங்களும் உலகில் இருக்கின்றன. அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகிலுள்ள டின்லி பார்க், ஃபுளோரிடாவின் டேட்டோனா, ஜெர்மனியின் ஹாம் ஆகிய ஊர்களில் நடைபெறும் ஊர்வனக் கண்காட்சிகள் இத்துறையில் பெயர் பெற்றவை. பெயர்தான் கண்காட்சி. உண்மையில் அவை சந்தைகள். பெரிய மண்டபத்தில் மேசைகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும். தயிர் டப்பா போன்ற சிறு பிளாஸ்டிக் கிண்ணங்களில் ஆளுக்கொரு கிண்ணமாகப் பாம்புக் குட்டிகள் சுருண்டு கிடக்கும். மூடியின் மேல் விலை, ஆணா பெண்ணா, என்ன நிறவகை என்று எழுதியிருக்கும்.

இந்தச் சந்தைகளில் மிக அதிகமாகக் காணப்படும் இனங்களில் ஒன்று பால் பைத்தான். பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அஞ்சினால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோல் உருண்டுவிடும் என்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். தமிழில் பந்து மலைப்பாம்பு எனலாம். மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் வாழும் இனம். விஷமில்லை. வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றரை மீட்டரைத் தாண்டுவதில்லை. குணமும் சாதுவானது. முதல்முறை பாம்பு வாங்குபவர்கள் இதைத் தேடிப் போவதற்கு இவையே காரணங்கள்.

இங்கு வளர்க்கலாமா?

வாசகர்களுக்கு முதலில் எழும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். சிங்கப்பூரில் பாம்பை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. விஷமில்லாதது, சிறியது, வெளிநாட்டில் ரசீதுடன் வாங்கியது என்ற காரணம் எதுவும் எடுபடாது. ஊர்வனவற்றில் ஓரிரு ஆமை வகைகளுக்கு மட்டுமே இங்கு இடமுண்டு.

மலேசியாவில் நிலைமை வேறு. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை உரிமங்களை வழங்குகிறது. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. எந்த இனத்திற்கு என்ன உரிமம் தேவை என்பதைத் துறையிடம் கேட்க வேண்டியது வாங்கிய பின்னர் அல்ல, வாங்கும் முன்னர்.

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. வாடகை அறையில் நாய், பூனை வளர்க்க விடமாட்டார்கள். சத்தம் போடாத பாம்பு என்றால் யாருக்கும் தெரியாது என்று வாங்கிவிடுகிறார்கள். பட்டப்படிப்பு மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும். பந்து மலைப்பாம்பின் ஆயுள் அப்படியல்ல. நல்ல பராமரிப்பில் 20, 30 ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குத் தோட்டத்தில் 1961இல் வந்து சேர்ந்த ஒரு பெண் பாம்பு, 2020ஆம் ஆண்டு தன் 60 வயதுக்கு மேல் 7 முட்டைகள் இட்டுச் செய்தியானது. மேலும், மலைப்பாம்பு இனங்கள் எல்லாம் சைட்டிஸ் என்னும் அனைத்துலக வனவிலங்கு வாணிப உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பவை. முறையான அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. பயணப் பையில் மறைத்துக் கொண்டு வருவது கடத்தல்தான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

எங்கே பிறந்தது?

வாங்கலாம், சட்டமும் இடம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேசையின் முன் நிற்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, பிறப்பிடம்.

விற்பனைக்கு வரும் பந்து மலைப்பாம்புகள் மூன்று வழிகளில் வருகின்றன. வளர்ப்பவரின் வீட்டிலோ பண்ணையிலோ, அங்கேயே வளரும் தாய்க்கும் தந்தைக்கும் பிறந்தவை ஒரு வகை. காட்டில் பிடிக்கப்பட்டவை இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. டோகோ, பெனின், கானா ஆகிய நாடுகளில் சினைப்பட்ட பெண் பாம்புகளைக் காட்டில் பிடித்து, பண்ணையில் முட்டையிட வைத்து, குஞ்சு பொரித்ததும் கப்பலேற்றுகிறார்கள். பிறந்தது பண்ணையில்தான் என்பதால் பொய்யில்லை. ஆனால் வளர்ப்புப் பரம்பரையில் வந்தது என்று வாங்குபவர் நினைத்துக்கொண்டால் அது உண்மையுமில்லை. மலிவு விலைக் குட்டிகளில் இந்த வகை கலந்திருக்கும்.

காட்டிலிருந்து வந்த பாம்பின் உடம்பில் உண்ணிகளும் வயிற்றில் புழுக்களும் இருக்க வாய்ப்பு அதிகம். நீண்ட பயணத்தின் அதிர்ச்சியில் பல மாதங்கள் இரை தொடாமலும் கிடக்கும். சொந்தமாக வளர்த்தவரிடம், "தாய் தந்தையின் படம் இருக்கிறதா? எந்த வாரம் பொரித்தது? இதுவரை எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறது?" என்று கேட்டால் உடனே பதில் வரும். பலர் இரை கொடுத்த நாள்களைக் குறித்த அட்டையை எடுத்து நீட்டுவார்கள். கேள்விக்குப் பதிலாகத் தள்ளுபடியைப் பற்றியே பேசுபவரிடமிருந்து நகர்ந்துவிடலாம்.

ஒரே மேசையில் பாம்பு, பல்லி, ஆமை, தேள் என்று பலசரக்குக் கடைபோல் பரப்பி வைத்திருப்பவர் பெரும்பாலும் வாங்கி விற்பவர். வாங்கி விற்பது குற்றமல்ல. ஆனால் அந்தப் பாம்பு முந்தைய வாரம் எங்கிருந்தது, எந்தப் பாம்புகளோடு இருந்தது என்பது அவருக்கே தெரியாது. கண்காட்சி முடியும் கடைசி மணி நேரத்தில் விலை மளமளவென்று இறங்கும். அப்போது அவசரப்பட்டு வாங்கியவர்கள்தான் பிறகு அதிகம் வருந்துகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு

பந்து மலைப்பாம்பு வியாபாரத்தின் உயிர்நாடி நிறம். வெள்ளை, மஞ்சள், வாழைப்பழப் புள்ளி என்று விதவிதமான நிறவகைகளை வளர்ப்பாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். சாதாரணப் பாம்பு சில பத்து டாலருக்குக் கிடைக்கும். அரிய நிறவகையின் விலை ஆயிரக்கணக்கில் போகும். வாங்குபவர் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் இதுதான்.

சில நிறங்கள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் வெளியே தெரியும். நிறமிழந்த வெள்ளை மஞ்சள் வகையான அல்பினோ அப்படிப்பட்டது. ஒருவரிடமிருந்து மட்டும் மரபணு வந்த குட்டி பார்ப்பதற்குச் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் மரபணுவைச் சுமந்துகொண்டிருக்கும். இதைச் சந்தை மொழியில் 'ஹெட்' என்கிறார்கள். பின்னாளில் இனப்பெருக்கம் செய்ய விரும்புபவர்கள் இதற்குக் கூடுதல் விலை தருகிறார்கள்.

மூடியில் '66 விழுக்காடு ஹெட்' என்று எழுதியிருந்தால் என்ன பொருள்? மரபணுவைச் சுமக்கும் இரு பாம்புகளை இணைத்தால், நான்கில் ஒரு குட்டி அல்பினோவாகப் பிறக்கும். மீதி மூன்றும் சாதாரணமாகத் தெரியும். அந்த மூன்றில் இரண்டு மரபணுவைச் சுமப்பவை, ஒன்று சுமக்காதது. இது சராசரிக் கணக்கு. எது எது என்று கண்ணால் பிரிக்க வழியில்லை. மூன்றில் இரண்டு என்பதுதான் அந்த 66. ஆக, பாம்பில் 66 விழுக்காடு ஏதோ இருக்கிறது என்று பொருளல்ல. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பதற்கு ஒரு கணக்கு, அவ்வளவுதான். '100 விழுக்காடு' என்று எழுதியிருந்தாலும் அதற்குச் சாட்சி பெரும்பாலும் விற்பவரின் சொல்தான். மரபணுச் சோதனை செய்யாவிட்டால், பாம்பு பருவமடைந்து, இணை சேர்ந்து, முட்டை பொரிக்கும்வரை சில ஆண்டுகள் காத்திருந்தால்தான் உண்மை தெரியும். அதற்குள் அந்த மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். செல்லமாக வளர்க்க மட்டுமே வாங்குபவர் இந்த எழுத்துக்கு ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

அழகுக்காகவே வாங்கும்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சிலந்தி வலை போன்ற கோடுகள் கொண்ட 'ஸ்பைடர்' வகை மிகவும் பிரபலமானது. ஆனால் இந்த வகைப் பாம்புகளுக்குத் தலை ஆடும். இரையைக் குறிவைத்தால் தவறும். சில வேளைகளில் உடம்பு திருகிக்கொள்ளும். இவற்றின் உட்காதில் சமநிலையைக் காக்கும் உறுப்பு சரியாக உருவாகவில்லை என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நிறத்தோடு சேர்ந்தே வரும் குறை என்பதால், அந்த நிறம் வேண்டும், குறை வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க முடியாது. "லேசாகத்தான் ஆடும், வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நம்ப வேண்டாம்.

கையில் எடுக்கும்போது

பாம்பைத் தொடும் முன் அனுமதி கேட்க வேண்டும். கையில் கிருமிநாசினியைத் தேய்த்துக்கொள்ளச் சொல்லும் விற்பனையாளர் நல்லவர் என்று எடுத்துக்கொள்ளலாம். தொடவே வேண்டாம், நானே காட்டுகிறேன் என்பவர் இன்னும் ஒருபடி மேல். அடுத்த மேசையில் பத்துப் பாம்புகளைத் தடவிவிட்டு வந்த கை நோயைக் கொண்டுவரும் என்பது அவருக்குத் தெரியும்.

நலமான குட்டி கையை இறுகப் பற்றும். நாக்கை அடிக்கடி நீட்டிப் பார்க்கும். உடம்பு உருண்டிருக்கும். முதுகெலும்பு கூரைபோல் துருத்திக்கொண்டிருந்தால் பட்டினி கிடந்திருக்கிறது. தோல் சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால் நீர்ச்சத்துக் குறைவு. வாய் மூடியிருக்க வேண்டும். வாயைத் திறந்து தலையை மேலே தூக்கி மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி தெரிந்தாலோ, மூச்சில் சளிச் சத்தம் கேட்டாலோ அது நுரையீரல் தொற்றின் அறிகுறி. மலத்துவாரம் சுத்தமாக இருக்க வேண்டும். கண்கள் பால் படர்ந்ததுபோல் மங்கியிருந்தால் பதற வேண்டியதில்லை. சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். ஆனால் அந்த நிலையில் பாம்பை முழுமையாகச் சோதிக்க முடியாது.

அடுத்து, செள்ளுப்பூச்சி. கசகசா அளவில் கறுப்பாக, கண்ணைச் சுற்றிலும் தாடைக்குக் கீழுள்ள மடிப்பிலும் ஒட்டியிருக்கும். வெள்ளைக் காகிதக் கைக்குட்டையால் பாம்பை ஒருமுறை நீவிப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு பாம்பில் கண்டால் அந்த மேசையையே விட்டுவிட வேண்டும். பக்கத்துக் கிண்ணங்களுக்கும் பரவியிருக்கும்.

இவை எல்லாம் கண்ணில் படுபவை. நிடோ வைரஸ் அப்படியல்ல. 2014இல் பந்து மலைப்பாம்புகளின் சுவாச நோயுடன் தொடர்புபடுத்தி அமெரிக்க ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட கிருமி இது. தொற்றிய பாம்பு வெகுநாள் நலமாகவே தோற்றமளிக்கலாம். வாயில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் தெரியும். எனவேதான், வீட்டில் ஏற்கெனவே பாம்பு வைத்திருப்பவர்கள் புதிதாக வந்ததைக் குறைந்தது மூன்று மாதம் தனி அறையில் வைக்கிறார்கள். பழைய பாம்புகளைக் கவனித்த பிறகே புதியதன் அருகில் போகிறார்கள்.

இன்னொரு ஆபத்து அளவில் இருக்கிறது. கிண்ணத்தில் சுருண்டு கிடக்கும்போது எல்லாக் குட்டியும் சின்னதுதான். பர்மிய மலைப்பாம்பும், சிங்கப்பூர்க் கால்வாய்களில்கூடக் காணப்படும் நம் வட்டாரத்து ரெட்டிக்குலேட்டட் மலைப்பாம்பும் வளர்ந்தால் ஒரு மனிதனால் தனியே கையாள முடியாது. 2009இல் ஃபுளோரிடாவில், வீட்டில் வளர்த்த பர்மிய மலைப்பாம்பு கூண்டிலிருந்து வெளியேறி இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றது. வளர்க்க முடியாமல் கைவிடப்பட்டவையும் தப்பியவையும் பெருகி, அம்மாநிலத்தின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பறவைகளையும் சிறு விலங்குகளையும் அழித்து வருகின்றன. அமெரிக்கா 2012இல் பர்மிய மலைப்பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. ஃபுளோரிடா 2021இல் இவ்விரு இனங்களையும் தடைப்பட்டியலில் சேர்த்தது.

வீட்டுக்கு வந்த பின்

பாம்பை வாங்கிவிட்டுக் கூண்டு தேடுவது, பிள்ளை பிறந்த பிறகு தொட்டில் கட்ட மரம் தேடுவது போன்றது. கண்காட்சிக்குப் போகும் முன்பே கூண்டு தயாராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சுமார் 31, 32 டிகிரி வெப்பம், மறுபக்கம் 26 டிகிரி அளவில் குளிர்ச்சி, இரு பக்கமும் ஒளிந்துகொள்ள மறைவிடம், தண்ணீர்க் கிண்ணம், தப்ப முடியாத மூடி. இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறைகளில் வெப்பக் கருவி கட்டாயம் தேவை.

ரசீதில் விற்பவரின் பெயர், தொலைபேசி எண், பாம்பின் இனம், பிறந்த ஆண்டு, நலத்துக்கான உத்தரவாதம் எத்தனை நாள் என்பவை இருக்கட்டும். கிண்ணத்தைத் துணிப்பைக்குள் வைத்து நேரே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது பாம்பு உயிருடன் இருக்காது.

ஊர்வன சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் பாம்பு வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையினரின் அறிவுரை. தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது. இரையான எலிகளை உறையவைத்துத்தான் விற்கிறார்கள். ஐஸ் பெட்டியில் கோழிக்கும் மீனுக்கும் பக்கத்தில் எலி இருப்பதை அம்மாவோ வீட்டுக்காரரோ ஒப்புக்கொள்வார்களா என்பதையும் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. தனியாக ஒரு சிறிய பெட்டி வைத்துக்கொண்டால் சண்டைக்கு இடமில்லை.

முதல் ஒரு வாரம் பாம்பைத் தூக்கக்கூடாது. அதன் பிறகு, விற்பவர் கொடுத்துவந்த அதே அளவு இரையை அதே முறையில் கொடுக்க வேண்டும். உயிருள்ள எலியைத் தின்று பழகிய குட்டிக்கு உறைந்ததைக் கரைத்துக் கொடுத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. சாப்பிட மறுத்தால் ஒரு வாரம் விட்டு மீண்டும் முயலலாம். வளர்ந்த பந்து மலைப்பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் தாங்கும். குட்டிக்கு அந்தத் தாங்குசக்தி இல்லை. நான்கைந்து முறை மறுத்து எடையும் குறைந்தால், முதலில் ரசீதில் உள்ள எண்ணுக்கு அழைத்து எப்படிக் கொடுத்தார் என்று கேட்க வேண்டும். பிறகு ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அப்படிப்பட்ட மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார். அவர் எங்கே இருக்கிறார் என்பதையும் பாம்பு வாங்கும் முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.